டர்போ ஸ்போர்ட்ஸ் காரின் இசியூவை ட்யூன் செய்வது: ஆதாயமும் அபாயமும் அறிந்து செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி. அது இல்லாத எஞ்சின், வளிமண்டலம் தள்ளும் காற்றை மட்டுமே பெறுகிறது. அதை ஆளும் கணினியான இசியூவில் எவ்வளவு கைவைத்தாலும், திறன் ஒற்றை இலக்கச் சதவீதத்தைத் தாண்டி உயர்வது அரிது. டர்போ எஞ்சினின் கதை வேறு. சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதையே அங்கே மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. டர்போவைச் சுழற்றும் எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை விலக்கிவிடும் வால்வான வேஸ்ட்கேட்டை எப்போது திறப்பது என்று சொல்லும் அட்டவணையை மாற்றினால் காற்று கூடும். காற்றுக்கேற்ப எரிபொருளும் கூடும். இரண்டும் கூடினால் திறன் கூடும். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் 15 முதல் 30 சதவீதம் வரை கூடுதல் திறன் கிடைப்பது இதனால்தான்.

இந்த ஆதாயம் கற்பனையல்ல. அதற்குரிய விலையும் கற்பனையல்ல. ட்யூனிங் செய்தாலே எஞ்சின் போய்விடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தங்கள் ஃபைல் (இசியூவில் ஏற்றும் மாற்றிய மென்பொருள்) முழுக்க முழுக்கப் பாதுகாப்பானது என்று சொல்லி விற்பவர்களோடும் இல்லை. தயாரிப்பாளர் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியில் ஒரு பகுதியை நாம் எடுத்துச் செலவழிக்கிறோம், அவ்வளவுதான். எந்தப் பகுதியை, எவ்வளவு செலவழிக்கிறோம் என்று அறிந்து செய்பவரின் கார் பல ஆண்டுகள் ஓடும். அறியாமல் செய்பவரின் காரில் எது முதலில் உடையும் என்பதை அதிர்ஷ்டம் தீர்மானிக்கும்.

## அந்த இடைவெளி யாருக்காக விடப்பட்டது?

பொறியாளர்கள் சோம்பலால் திறனை விட்டுவைப்பதில்லை. ஒரே கார் தரமான பெட்ரோல் கிடைக்கும் நாட்டிலும் ஓட வேண்டும், மட்டமான பெட்ரோல் கிடைக்கும் நாட்டிலும் ஓட வேண்டும். பாலைவன வெயிலில் சுமையோடு மலை ஏற வேண்டும். ஆயில் மாற்ற மறந்த உரிமையாளரின் கையிலும் வாரண்டிக் காலம் முடியும்வரை உடையாமல் இருக்க வேண்டும். புகை விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும். இவை அனைத்துக்கும் சேர்த்து விடப்பட்டதுதான் இந்த இடைவெளி. உங்கள் காருக்கு எப்போதும் உயர் ஆக்டேன் (அழுத்தத்தில் எளிதில் தானாகப் பற்றாத) பெட்ரோல் கிடைக்கும், ஆயிலை நேரத்துக்கு மாற்றுவீர்கள் என்றால், அதில் ஒரு பங்கை நீங்கள் நியாயமாகவே கேட்கலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரே எஞ்சின் வெவ்வேறு கார்களில் வெவ்வேறு திறனோடு விற்கப்படுவதைப் பார்த்துவிட்டு, வித்தியாசம் வெறும் மென்பொருள்தான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஃபோக்ஸ்வாகன் கால்ஃப் ஜிடிஐ, கால்ஃப் ஆர் இரண்டிலும் இருப்பது இஏ888 குடும்பத்து 2.0 லிட்டர் எஞ்சின்தான். ஆயினும் ஏழாம் தலைமுறையில் ஆர் வகைக்குப் பெரிய டர்போவும், வேறு பிஸ்டன்களும், மாற்றப்பட்ட சிலிண்டர் ஹெட்டும் கொடுத்தார்கள். டொயோட்டா ஜிஆர் சுப்ராவில் இருக்கும் பிஎம்டபிள்யூவின் பி58 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சந்தையில் 2021 மாடலுக்கு 335 குதிரைத்திறனை 382 ஆக உயர்த்தியபோது மென்பொருளோடு நிற்கவில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்றினார்கள்; புதிய பிஸ்டன்களால் அழுத்த விகிதத்தை 11-இலிருந்து 10.2-க்கு இறக்கினார்கள். தொழிற்சாலையே திறனைக் கூட்டும்போது எந்தப் பாகத்தைப் பற்றிக் கவலைப்பட்டது என்று பார்ப்பது, எந்த விளம்பரத்தையும்விட நல்ல பாடம்.

## இசியூவுக்குள் மாறுவது என்ன?

இன்றைய கார்களில் ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நேரடிக் கம்பி கிடையாது. பெடலை அழுத்தினால், இவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்ற கோரிக்கை மட்டுமே இசியூவுக்குப் போகிறது. அந்த முறுக்குவிசைக்கு எவ்வளவு காற்று தேவை, அதற்கு எவ்வளவு பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) தேவை, எவ்வளவு எரிபொருள், எந்தக் கோணத்தில் ஸ்பார்க் என்று இசியூ அடுத்தடுத்த அட்டவணைகளில் பார்த்து முடிவெடுக்கிறது. இந்த அட்டவணைகளைத்தான் மேப் என்கிறோம். இவற்றுக்கு மேலே கட்டுப்பாடுகளின் அடுக்கு ஒன்று இருக்கிறது: முறுக்குவிசை உச்சவரம்பு, பூஸ்ட் உச்சவரம்பு, வெப்பநிலை கூடினால் திறனைக் குறைக்கும் விதிகள், கியர்பாக்ஸைக் காக்கும் விதிகள்.

நல்ல ட்யூனர் கோரிக்கையிலிருந்து ஸ்பார்க் வரை அந்தச் சங்கிலி முழுவதையும் ஒத்திசைவாக மாற்றுவார். காக்கும் விதிகளை உயிரோடு விட்டுவைப்பார். மோசமான ட்யூனர் பூஸ்ட்டைக் கூட்டிவிட்டு, குறுக்கே வரும் வரம்புகளையெல்லாம் எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிடுவார். சக்கரங்களை உருளைமேல் ஓட்டித் திறனை அளக்கும் டைனோவில் இரண்டு கார்களும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். கடும் வெயிலில், மட்டமான பெட்ரோலோடு, நீண்ட ஏற்றத்தில் ஒன்று தன்னைக் காத்துக்கொள்ளும், மற்றொன்று காத்துக்கொள்ளாது.

மூன்று விஷயங்களை உரிமையாளர் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். முதலாவது காற்று-எரிபொருள் விகிதம். பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் வேண்டும். இதை லாம்டா 1 என்பார்கள். முழுச் சுமையில் பெரும்பாலான டர்போ ட்யூன்கள் 0.80 முதல் 0.88 வரையிலான லாம்டாவில், அதாவது கூடுதல் எரிபொருளோடு ஓடும். அந்தக் கூடுதல் எரிபொருள் ஆவியாகும்போது எரிப்பறையின் சூட்டைத் தணிக்கிறது. இரண்டாவது ஸ்பார்க் நேரம். அதை முன்னே தள்ளினால் திறன் கூடும். அளவு மீறினால் கலவையின் எஞ்சிய பகுதி தானாகவே வெடிக்கும். அதுதான் நாக்கிங். பின்னே தள்ளினால் நாக்கிங் குறையும், ஆனால் எரிப்பு தாமதமாகி எக்ஸாஸ்ட் சூடு ஏறும். மூன்றாவது அந்த எக்ஸாஸ்ட் சூடுதான். பெட்ரோல் டர்போக்களில் எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரங்களான டர்பைன்கள் பொதுவாக 950 முதல் 1050 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன.

## உண்மையான நன்மைகள்

உச்சக் குதிரைத்திறன் என்ற எண் விளம்பரத்துக்கு நல்லது. அன்றாடம் ஓட்டும்போது தெரிவது நடு ஆர்பிஎம்மில் கூடும் முறுக்குவிசைதான். கியர் இறக்காமலேயே முந்திச் செல்ல முடிகிறது. வளைவிலிருந்து வெளிவரும்போது பெடலுக்கு எஞ்சின் உடனே பதில் சொல்கிறது. சில தொழிற்சாலை மேப்களில் மேல் ஆர்பிஎம்மில் திறன் சரிந்துவிடும். நல்ல ட்யூன் அந்தச் சரிவை நிரப்பும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் தனியாக மேப் எழுதினால், கியர் மாறும் வேகமும் கிளட்ச் பிடிக்கும் அழுத்தமும் புதிய முறுக்குவிசைக்குப் பொருந்தி வரும். என் பார்வையில், டபுள் கிளட்ச் கார்களில் எஞ்சின் ட்யூனைவிட இந்த இரண்டாம் வேலைதான் ஓட்டும் சுகத்தைக் கூட்டுகிறது.

எரிபொருள் சிக்கனத்துக்காக ட்யூன் செய்யாதீர்கள். நிதானமாக ஓட்டினால் வித்தியாசம் மிகச் சிறியது. நிதானமாக ஓட்டுவதற்காக யாரும் ட்யூன் செய்வதுமில்லை.

## அபாயங்கள்: எது உடைகிறது, ஏன் உடைகிறது

முதலில் முறுக்குவிசை. குதிரைத்திறனைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது இதைத்தான். கிலோவாட்டில் திறன் என்பது நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் வருவது. 400 நியூட்டன் மீட்டர் 6000 ஆர்பிஎம்மில் சுமார் 251 கிலோவாட். அதே முறுக்குவிசை 2500 ஆர்பிஎம்மில் வெறும் 105 கிலோவாட். இரண்டாவது எண் சாதுவாகத் தெரிகிறது. ஆனால் குறைந்த வேகத்தில் ஒவ்வொரு எரிப்பும் அதிக நேரம் நீடிக்கிறது. சிலிண்டரில் அழுத்தம் ஏறும்போது பிஸ்டன் மெதுவாகவே நகர்கிறது. கனெக்டிங் ராடுகள் வளைவதற்கு ஏற்ற சூழல் அதுதான்.

இதோடு சேர்ந்து வருவது, குறைந்த வேகத்தில் நிகழும் முன்கூட்டிய எரிப்பு. பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் சிறிய நேரடி ஊசி டர்போ எஞ்சின்களில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே ஆயில் துளியோ கரித்துகளோ கலவையைப் பற்றவைத்துவிடும். அப்போது எழும் அழுத்தம் சாதாரண எரிப்பின் அழுத்தத்தைப் பெரிதும் மிஞ்சும். ஒரே ஒரு நிகழ்வில்கூடப் பிஸ்டனின் ரிங் உட்காரும் விளிம்பு உடையக்கூடும். ஸ்பார்க்கைப் பின்னே தள்ளி இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் தீ மூட்டியது ஸ்பார்க் அல்ல. எஞ்சின் ஆயில் தரத்தில் 2018-இல் எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்ற ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வகைகள் வந்ததற்கு இந்தச் சிக்கல் ஒரு முக்கியக் காரணம். ஆகவே 1800 ஆர்பிஎம்மிலேயே முழு முறுக்குவிசை என்று பெருமையடிக்கும் ஃபைலைவிட, 3000-க்குப் பிறகு மெல்ல ஏறும் ஃபைலையே நான் தேர்ந்தெடுப்பேன். உச்சத் திறன் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். எஞ்சினின் ஆயுள் ஒன்றாக இருக்காது.

எஞ்சினுக்கு எஞ்சின் பலவீனம் மாறும். சுபாருவின் இஜே25 டர்போ எஞ்சின்களில் பிஸ்டன் ரிங் விளிம்பு உடைவது ஆர்வலர்கள் அனைவரும் அறிந்தது. உங்கள் எஞ்சின் குறியீட்டுக்கு எது முதலில் போகும் என்பதை ட்யூனரிடம் போவதற்கு முன்பே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது டர்போவின் சுழல்வேகம். இதை விளக்க உயரமான இடத்தை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 1 பார். அதற்கு மேல் 1.2 பார் பூஸ்ட் என்றால் மொத்தம் 2.2 பார், டர்போவின் காற்றழுத்தும் பகுதியான கம்ப்ரெஸர் காற்றை 2.2 மடங்கு அழுத்துகிறது. 2000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 0.8 பாருக்குச் சற்றுக் கீழே. அங்கும் அதே 2.2 பாரை மேப் கேட்டால், டர்போ காற்றை ஏறத்தாழ 2.8 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு அது வெகுவேகமாகச் சுழலும். காற்றையும் கூடுதலாகச் சூடாக்கும். தொழிற்சாலை மேப்பில் உயரத்துக்கேற்பப் பூஸ்ட்டைக் குறைக்கும் விதி இருக்கும். அதை நீக்கிய ஃபைல், சமவெளியில் நன்றாக ஓடிவிட்டு மலையில் டர்போவைக் கொன்றுவிடும்.

வெப்பம் எல்லாவற்றையும் கூட்டும். உள்ளே போகும் காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். நாக்கிங்கும் நெருங்கி வரும். டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் தொழிற்சாலை இன்டர்கூலர் ஒருமுறை முழு வேகமெடுப்பதற்குப் போதும். அடுத்தடுத்து ஐந்தாறு முறை என்றால் பெரும்பாலும் போதாது.

கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் மறந்துவிடாதீர்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டபுள் கிளட்ச் பெட்டிகளில், உலர் கிளட்ச் உள்ள டிகியூ200 சுமார் 250 நியூட்டன் மீட்டருக்கும், டிகியூ250 சுமார் 350-க்கும், டிகியூ500 சுமார் 600-க்கும் மதிப்பிடப்பட்டவை. மதிப்பீட்டைச் சற்று மீறினால் உடனே உடைந்துவிடும் என்பதில்லை. ஆனால் கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் தேய்மானம் வேகமாகப் பெருகும். மேனுவல் காரில் ஐந்தாம், ஆறாம் கியரில் நடு ஆர்பிஎம்மில் முழுப் பெடல் கொடுக்கும்போது, கார் வேகமெடுக்காமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் தன் எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

எக்ஸாஸ்ட்டில் வெடிச்சத்தம் வரவைக்கும் மேப்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெடலை விட்டபின்னும் எரிபொருளை ஊற்றி, ஸ்பார்க்கை மிகவும் பின்னே தள்ளி, எரிப்பை எக்ஸாஸ்ட் குழாய்க்குள் நடத்துவதுதான் அந்தச் சத்தம். அந்தத் தீ டர்பைனையும் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் தின்கிறது. வேகத்துக்கு ஒரு துளி பயனும் இல்லை. தெருவில் ஓடும் காரில் இதை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, சட்டமும் காகிதங்களும். அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செயலிழக்கச் செய்வது தூய காற்றுச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டது. கலிஃபோர்னியாவில் சாலையில் ஓடும் காருக்குப் போடும் ட்யூன், கார்ப் எனப்படும் மாநிலக் காற்று வள வாரியத்தின் விலக்கு ஆணை எண் பெற்றதாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் திறன் மாற்றத்தைப் பரிசோதித்துப் பதிவு செய்யாவிட்டால் வாகனத்தின் இயக்க அனுமதியே செல்லாது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் மறைத்தால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். உங்கள் நாட்டு விதியை நீங்களே படியுங்கள். ட்யூனர் சொல்லும் வாய்மொழி உறுதி நீதிமன்றத்தில் நிற்காது.

வாரண்டி விஷயத்தில், பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது பழைய நம்பிக்கை. இசியூ எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல கார்களில் பதிவாகிறது. மேப்பின் சரிபார்ப்பு எண்ணும் வேறுபடும். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் மாற்றம் கண்டறியப்பட்டால், டிடி1 என்ற குறி நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறும். அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னஸன்-மாஸ் சட்டம், பழுதுக்கு அந்த மாற்றமே காரணம் என்று காட்டாமல் வாரண்டியை மறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் உடைந்தது பிஸ்டனோ டர்போவோ என்றால் காரணம் காட்டுவது அவர்களுக்குக் கடினமல்ல.

## படி 1: நோக்கத்தையும் தாங்கும் செலவையும் முடிவு செய்யுங்கள்

தினமும் ஓட்டும் காரா, டிராக்கில் ஓட்டும் காரா என்பதைப் பொறுத்து ஃபைல் மாறும். ஸ்டேஜ் 1 என்பது பொதுவாக மென்பொருள் மட்டும். ஸ்டேஜ் 2-இல் டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்த எக்ஸாஸ்ட் குழாய்), இன்டர்கூலர், இன்டேக் (காற்று உள்ளே வரும் குழாய்) ஆகியவை சேரும். ஸ்டேஜ் 3 என்றால் பெரிய டர்போ, எரிபொருள் அமைப்பு என்று வேறோர் உலகம். இந்தப் பெயர்களுக்குப் பொது வரையறை எதுவும் இல்லை. ஒருவரின் ஸ்டேஜ் 1 இன்னொருவரின் ஸ்டேஜ் 2 ஆக இருக்கலாம். என்ன பாகம், எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு முறுக்குவிசை என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: எஞ்சின் போனால் சொந்தக் காசில் மாற்ற முடியுமா? முடியாது என்றால் வாரண்டி முடியும்வரை பொறுத்திருங்கள். அல்லது தயாரிப்பாளர் ஒப்புதலோடு வந்த ட்யூன் உங்கள் காருக்கு உண்டா என்று பாருங்கள். ஃபோர்டுக்கு மவுண்ட்யூன், வால்வோவுக்கு போல்ஸ்டார் என அப்படிப்பட்டவை வந்திருக்கின்றன. திறன் குறைவாகத்தான் கூடும். தூக்கம் நன்றாக வரும்.

## படி 2: எஞ்சினின் உடல்நிலையைச் சோதியுங்கள்

ட்யூன் புதிய நோயை உண்டாக்குவதைவிட, இருக்கும் நோயை வெளிக்கொண்டுவருவதே அதிகம். கம்ப்ரெஷன் சோதனை (சிலிண்டர் எவ்வளவு அழுத்துகிறது), முடிந்தால் லீக்-டவுன் சோதனை (அழுத்தம் எங்கே கசிகிறது), பூஸ்ட் குழாய்களில் கசிவு உண்டா என்று புகைச் சோதனை ஆகிய மூன்றையும் தவிர்க்காதீர்கள். பூஸ்ட் கசிவுள்ள காரில் அதே அழுத்தத்தை எட்ட டர்போ கூடுதலாகச் சுழலும். ட்யூன் செய்தபின் அது இரட்டிப்பு ஆபத்து. நேரடி ஊசி எஞ்சினில் இன்டேக் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. அங்கே கரி படிந்திருந்தால் முதலில் சுத்தம் செய்யுங்கள். இசியூவில் பிழைக் குறியீடு ஒன்றுகூட நிலுவையில் இருக்கக் கூடாது. இந்தச் சோதனைகளைக் கேட்காமலேயே ஃபைலை ஏற்ற வரும் ட்யூனரை விட்டு விலகுங்கள்.

## படி 3: எரிபொருளையும் துணைப் பாகங்களையும் தயார் செய்யுங்கள்

எந்த ஆக்டேன் பெட்ரோல் உங்களுக்கு எப்போதும் கிடைக்குமோ, அதற்கே ஃபைல் எழுதப்பட வேண்டும். ரான் 98-க்கு (ரான் என்பது ஆக்டேன் அளவுமுறை) எழுதிய ஃபைலோடு ரான் 91 பெட்ரோலை ஊற்றி வேகமெடுப்பதுதான் எஞ்சினைக் கெடுக்கும் மிகச் சுருக்கமான வழி. இ85 போன்ற எத்தனால் கலவை நாக்கிங்கை நன்றாகத் தடுக்கும். ஆனால் அதே காற்றுக்குச் சுமார் 30 முதல் 40 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பம்ப்பும் இன்ஜெக்டரும் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக்குகளைப் புதிதாக, பெரும்பாலும் ஒரு படி குளிர்ந்த வெப்ப வகையில் போடுங்கள். பிளக் முனைகளின் இடைவெளியை ட்யூனர் சொல்லும் அளவுக்குக் குறையுங்கள். எஞ்சினுக்கு விதிக்கப்பட்ட தரத்தில், முன்கூட்டிய எரிப்பைத் தடுக்கும் வகை ஆயிலை ஊற்றுங்கள். பணம் ஒரு பாகத்துக்குத்தான் இருக்கிறது என்றால் இன்டர்கூலருக்குச் செலவிடுங்கள். சத்தம் எழுப்பும் எக்ஸாஸ்ட்டுக்கு அல்ல. டயரும் பிரேக்கும் தேய்ந்த நிலையில் திறனைக் கூட்டுவதில் பொருளில்லை.

## படி 4: முறையையும் ட்யூனரையும் தேர்ந்தெடுங்கள்

ஒயரில் இடைமறித்துப் பொருத்தும் பெட்டிகள், பூஸ்ட் சென்சாரின் அளவைக் குறைத்துக் காட்டி இசியூவை ஏமாற்றுகின்றன. கழற்றுவது எளிது என்பதால் பலர் விரும்புகிறார்கள். ஆனால் உண்மையான அழுத்தம் தெரியாத இசியூ எப்படி எஞ்சினைக் காக்கும்? எளிய பெட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. இசியூவையே மாற்றி எழுதுவதுதான் முறையான வழி. சில இசியூக்களை காரின் ஓபிடி (பழுதறியும்) இணைப்பு வழியே எழுதலாம். பூட்டப்பட்ட புதிய இசியூக்கள் பலவற்றைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் திறக்க முடியும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் பொது ஃபைல், நூற்றுக்கணக்கான கார்களில் ஓடித் தேறியிருந்தால் நம்பகமானதே. பாகம் எதுவும் மாற்றாத காருக்கு அது போதும். பாகங்களை மாற்றிய காருக்கு, ஓடும்போது எஞ்சின் அளவுகளைப் பதியும் உங்கள் லாக் பதிவுகளைப் பார்த்துத் திருத்தும் தனி ட்யூன் வேண்டும்.

ட்யூனரிடம் இவற்றைக் கேளுங்கள்: முறுக்குவிசை எந்த ஆர்பிஎம்மில் உச்சம் தொடுகிறது? எக்ஸாஸ்ட் வெப்பக் காப்பு விதிகளை மாற்றினீர்களா? உயரத்துக்கான பூஸ்ட் குறைப்பு இருக்கிறதா? ஃபைல் ஏற்றியபின் எத்தனை முறை லாக் பார்த்துத் திருத்துவீர்கள்? நிதானமாக, காரணத்தோடு பதில் சொல்பவரிடம் காரைக் கொடுங்கள். உச்சத் திறனை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

## படி 5: மாற்றத்துக்கு முன் அளந்து வையுங்கள்

பழைய மேப்போடு டைனோவில் ஓட்டி, லாக்கும் எடுத்துச் சேமியுங்கள். டைனோவுக்கு டைனோ அளவு மாறும்; வெப்பநிலைத் திருத்தமும் மாறும். ஆகவே முன், பின் இரண்டையும் ஒரே டைனோவில், கூடியவரை ஒரே நாளில் எடுத்தால்தான் ஒப்பீட்டுக்குப் பொருளுண்டு. அசல் ஃபைலின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

## படி 6: ஃபைலை ஏற்றுதல்

எழுதும் நேரத்தில் மின்னழுத்தம் விழுந்தால் இசியூ பாதியில் முடங்கிவிடும். நிலையாக 13 வோல்ட்டுக்கு மேல் தரும் மின்வழங்கியைப் பேட்டரியில் இணைத்துவிட்டே தொடங்க வேண்டும். விளக்கு, ஏசி எல்லாவற்றையும் அணைத்திருக்க வேண்டும். ஏற்றியபின் முதல் சில ஓட்டங்கள் மிதமாக இருக்கட்டும். இசியூ தன் திருத்தங்களைப் புதிதாகக் கற்றுக்கொள்ள நேரம் தேவை.

## படி 7: லாக் எடுத்துப் படியுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் பெரும்பாலும் எஞ்சினை இழக்கிறார்கள். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்தபின், டைனோவிலோ மூடிய டிராக்கிலோ, மூன்றாம் அல்லது நான்காம் கியரில் சுமார் 2500 ஆர்பிஎம்மிலிருந்து சிவப்புக் கோடு (எஞ்சினின் உச்ச ஆர்பிஎம்) வரை முழுப் பெடலில் ஒரே ஓட்டம். பொதுச்சாலையில் இதைச் செய்யாதீர்கள்.

முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் ஸ்பார்க் திருத்தத்தைப் பாருங்கள். ஏதோவொரு சிலிண்டரில் எப்போதாவது இரண்டு, மூன்று டிகிரி பின்வாங்குவது இயல்பு. எல்லாச் சிலிண்டர்களிலும், ஒரே ஆர்பிஎம்மில், ஒவ்வொரு ஓட்டத்திலும் நான்கைந்து டிகிரிக்கு மேல் பின்வாங்கினால் அந்த ஃபைல் உங்கள் பெட்ரோலுக்கு மீறியது. ஒரே சிலிண்டர் மட்டும் திரும்பத் திரும்பப் பின்வாங்கினால் பிளக், காயில், இன்ஜெக்டர், கரி ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். இவை பொது அளவுகோல்கள்; உங்கள் இசியூவுக்கு எது இயல்பு என்பதை ட்யூனர் சொல்ல வேண்டும்.

பிறகு எரிபொருள் அழுத்தம். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒட்டியே போக வேண்டும். மேல் ஆர்பிஎம்மில் உயர் அழுத்தப் பம்ப்பின் கோடு கீழே சரிந்தால், அதன் கொள்ளளவு முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் லாம்டாவும் 1-ஐ நோக்கி ஏறத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். முழுச் சுமையில் எரிபொருள் பற்றாக்குறை பிஸ்டனை உருக்கும்.

பூஸ்ட்டில் இலக்கைத் தாண்டி எகிறிவிட்டுத் திரும்பும் கூர்முனை சிறியதாக இருந்தால் பரவாயில்லை. இலக்கை எட்டவே முடியாமல், வேஸ்ட்கேட்டை முழுக்க மூட இசியூ முயன்றுகொண்டிருந்தால் கசிவு இருக்கிறது, அல்லது டர்போவின் வரம்பு வந்துவிட்டது. உள்காற்றின் வெப்பநிலையை ஒரே ஓட்டத்தில் பார்ப்பது போதாது. மூன்று ஓட்டங்களை அடுத்தடுத்து எடுத்து, எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்று பாருங்கள். மூன்றாவது ஓட்டத்தில் திறன் குறைந்து ஸ்பார்க்கும் பின்வாங்கினால், டைனோ காகிதத்தில் உள்ள எண் முதல் ஓட்டத்துக்கு மட்டுமே சொந்தம்.

இந்த லாக்கை ட்யூனருக்கு அனுப்புங்கள். திருத்திய ஃபைலை ஏற்றி மீண்டும் லாக் எடுங்கள். எதையும் திருத்தாமல் எல்லாம் சரி என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தால், உங்கள் சந்தேகங்களைக் கோடுகோடாகக் காட்டி விளக்கம் கேளுங்கள். கேட்பதற்கு முழு உரிமை உங்களுக்கு உண்டு.

## படி 8: அதோடு வாழ்தல்

ஆயிலைத் தயாரிப்பாளர் சொன்ன கால அளவில் பாதிக்கே மாற்றுங்கள். நேரடி ஊசி எஞ்சினில் முழுச் சுமையில் பெட்ரோல் ஆயிலில் கலப்பது கூடும். பிளக்குகளையும் முன்னதாகவே மாற்றுங்கள். ஆயில் சூடேறும்வரை பூஸ்ட்டைத் தொடாதீர்கள். கடுமையாக ஓட்டியபின் கடைசிச் சில நிமிடங்களை மெதுவாக ஓட்டி டர்போவை ஆறவிடுங்கள். உயர் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் பெடலைத் தரையோடு அழுத்தும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். கியரை இறக்கிவிட்டுப் பிறகு அழுத்துங்கள். பருவம் மாறும்போதும், வேறு பங்க்கில் பெட்ரோல் போடத் தொடங்கும்போதும், ஒரு பாகத்தை மாற்றும்போதும் புதிதாக லாக் எடுங்கள். நல்ல பெட்ரோல் கிடைக்காத ஊருக்குப் போவதென்றால், குறைந்த ஆக்டேனுக்கான ஃபைலையோ அசல் ஃபைலையோ ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

சர்வீஸுக்கு விடும்போது, அனுமதியின்றி இசியூ மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டாம் என்று வேலைத்தாளில் எழுதச் சொல்லுங்கள். புதுப்பித்தால் ட்யூன் அழியும். சில சமயம் இசியூ மீண்டும் பூட்டப்படும்.

எஞ்சின் விளக்கு மினுக்கினால் அது மிஸ்ஃபயர். பெடலை விட்டுவிட்டு ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சில நிமிடங்களிலேயே கன்வெர்ட்டரைப் பாழாக்கும். நீல நிறப் புகை, திடீரெனக் கூடும் ஆயில் செலவு, டர்போவிலிருந்து எழும் புதிய ஊளைச் சத்தம் ஆகிய எதையும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

காரை விற்கும் நாள் வந்தால், ட்யூன் செய்யப்பட்ட கார் என்பதை வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். அசல் ஃபைல், ட்யூன் ஃபைலின் விவரம், எந்த ஆக்டேனுக்கு எழுதப்பட்டது, கடைசியாக எடுத்த லாக், கம்ப்ரெஷன் சோதனை முடிவுகள், ஆயில் மாற்றிய ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துக் கொடுங்கள். உயர் ஆக்டேன் ஃபைலோடு ஓடும் காரை ஒன்றும் அறியாமல் வாங்கியவர், முதல் நாளே மலிவான பெட்ரோலை நிரப்பிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறக்கூடும்.